தண்டையார்பேட்டையிலிருந்து மலைக்கு: கடைசி ரயிலிலிருந்து கணக்குப் போடுவது எப்படி

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. தண்டையார்பேட்டையில் மொட்டைமாடியில் ஏறி நாலு பக்கமும் பார்த்தால் உயரமாகத் தெரிவது துறைமுகத்துக் கிரேன், மேம்பாலம், எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கி, அவ்வளவுதான். இங்கிருந்து மாதம் ஒரு ஞாயிறு மலைக்குப் போகும் கூட்டம் ஒன்று இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். இருக்கிறோம், பதினெட்டுப் பேர். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன், வியாசர்பாடியில் செல்போன் கடை வைத்திருக்கும் இரண்டு தம்பிகள், கொருக்குப்பேட்டை டீச்சர், அப்புறம் நான். மூன்று வருடமாகக் கூட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் ரயிலில் அந்தச் சண்டை தொடங்கும். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் ஆளாளுக்கு இறங்கிப் போய்விடுவார்கள்.

நான் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் மலைக் கணக்கும் என் தலையில்தான். தை பிறந்ததும் புதிதாகச் சேர வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஷூ வாங்கணும்?" என்பது. ஷூவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்குத் திரும்பணும்?" என்பதுதான். இதை நாங்கள் சோளிங்கரில் கற்றுக்கொண்டோம்.

கார்த்திகை ஞாயிறில் செய்த தப்பு

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. மேலே யோக நரசிம்மர். எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், அதற்கு 406 படி. 2024 முதல் பெரிய மலைக்கு ரோப் கார் ஓடுகிறது. நாங்கள் நடக்கப் போனவர்கள், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரம்பூரில் விடியற்காலை லோக்கல் பிடித்து அரக்கோணம், அங்கிருந்து பஸ், ஊரிலிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோ. எட்டரைக்கு ஏறத் தொடங்கினால் பதினொன்றரைக்குக் கீழே, மதியச் சாப்பாட்டுக்கு அரக்கோணம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். நரசிம்மர் வருடம் முழுக்கக் கண்மூடி யோகத்தில் இருந்து கார்த்திகை மாதத்தில்தான் கண் திறக்கிறார் என்பது அங்கே நம்பிக்கை. கார்த்திகை வெள்ளியும் ஞாயிறும் ஊரே அங்கே திரளும். நாங்கள் போனது கார்த்திகை ஞாயிறு. படியில் இரண்டு கால் சேர்த்து வைக்க இடமில்லை. உச்சிக்குப் போகும்போதே பதினொன்றாகிவிட்டது. மேலே வரிசையில் நின்று வெளியே வந்தபோது இரண்டரை. இறங்கி வந்தபோது நாலரை. பஸ்ஸில் ஏற இடமில்லாமல் இரண்டு வண்டியை விட்டோம். அரக்கோணம் பிளாட்ஃபாரத்தில் மீன்கார அக்கா செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அவருக்கு மறுநாள் விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்தில் நிற்க வேண்டும். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது.

இதற்கு நடுவில் குரங்கு வேறு. சோளிங்கர் குரங்குகளுக்குப் பாலித்தீன் பை சரசரத்தால் போதும், சோறு என்று தெரியும். டீச்சரின் கையிலிருந்து புளிசாதப் பொட்டலம் போனது, கூடவே மூக்குக் கண்ணாடியும் போனது. கண்ணாடி மட்டும் கிளையிலிருந்து திரும்பி விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் பாலித்தீன் பை கிடையாது. சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில், டப்பா துணிப்பையில், பை முதுகில். கையில் ஒன்றும் தொங்கக் கூடாது.

இப்போது கணக்குப் போடும் விதம். வீட்டிலிருந்து மலைக்குப் போடாதீர்கள். வீட்டு வாசலில் திரும்பி வந்து நிற்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். அதே சோளிங்கரை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அப்படியானால் ஏழேகாலுக்குப் பெரம்பூரில் இறங்க வேண்டும். லோக்கலுக்கு இரண்டு மணி நேரம் வைத்தால், அரக்கோணத்தில் ஐந்தேகால் வண்டி. ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்றால், சோளிங்கரில் மூன்றே முக்கால் பஸ். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதற்கும் முக்கால் மணி நேரம். ஆக மூன்று மணிக்கு அடிவாரம். எங்களில் மெதுவாக நடப்பவர் இறங்க ஒன்றரை மணி நேரம். எனவே ஒன்றரைக்கு மேலே இருந்து காலைத் திருப்ப வேண்டும்.

அதிலும் ஒரு கடிகை கழிப்போம். சோளிங்கருக்குத் திருக்கடிகை என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஒரு கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிடம். அந்த மலையில் அவ்வளவு நேரம் தங்கினாலே மோட்சம் என்பார்கள். எங்களுக்கு மோட்சம் வேண்டாம், ரயில் கிடைத்தால் போதும் என்று லோகோ அண்ணன் சொன்னார். அன்றிலிருந்து எதிர்பாராததற்காக ஒதுக்கி வைக்கும் 24 நிமிடத்துக்கு எங்கள் பாஷையில் கடிகை என்று பெயர். ஒன்றரையில் கடிகை போனால் 1.06. முழுசாக ஒரு மணி. இதுதான் திரும்பும் மணி. ஒரு மணிக்கு உச்சிக்கு இன்னும் முப்பது படிதான் பாக்கி என்றாலும் திரும்ப வேண்டும். இதில் எனக்கும் விலக்கு இல்லை.

திரும்பும் மணியைச் சின்னச் சீட்டில் எழுதி எல்லார் பையிலும் போட்டுவிடுவோம். செல்போன் அணைந்து போகும். சீட்டு அணையாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படித் தெரியும்?

படி இருக்கும் மலைக்கு உங்கள் வீட்டு மாடிப்படியே அளவுகோல். நான் இருப்பது ஹவுஸிங் போர்டில். நாலு மாடி ஏற 72 படி. பதினெட்டு முறை ஏறினால் 1,296. கிட்டத்தட்ட சோளிங்கர் வந்துவிட்டது. ஒரே நாளில் பதினெட்டு முறை ஏறச் சொல்லவில்லை. முதல் வாரம் தினமும் மூன்று முறை, அடுத்த வாரம் ஐந்து, மூன்றாவது வாரம் எட்டு. எட்டு முறை ஏறி இறங்கி மறுநாள் தொடை வலிக்காமல் வேலைக்குப் போக முடிந்தால் நீங்கள் தயார். திருமலைக்கு அலிபிரி வழி 3,550 படி, ஸ்ரீவாரி மெட்டு 2,388. அதையும் இப்படி வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பிளாக்கில் முதலில் "என்னம்மா, சாவியை மறந்துட்டியா?" என்று கேட்டார்கள். இப்போது மூன்றாம் மாடி மாமியும் கூட ஏறுகிறார்.

படியில்லாத பாதைக்கு ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது குளிர் நாட்டுக் கணக்கு. போதாததற்கு, உட்கார்ந்து மிக்சர் சாப்பிடும் நேரம் அதில் இல்லை. நாங்கள் வரும் விடையை ஒன்றரையால் பெருக்குவோம், மாசி தாண்டினால் இரண்டால்.

எஞ்சினும் கார்டும்

வரிசை போடும் முறை லோகோ அண்ணன் கொண்டுவந்தது. முன்னால் எஞ்சின், பின்னால் கார்டு. எஞ்சினாக நிற்பவர் கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவர். வேகமான தம்பிகளை முன்னால் விட்டால் வரிசை நீளும், கடைசியில் இருப்பவர் மூச்சு வாங்கி வந்து சேரும்போது முன்னால் போனவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்புவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. மெதுவானவர் முன்னால் போனால் வரிசை நீளாது. தம்பிகள் முதலில் முனகினார்கள். இப்போது மீன்கார அக்கா பின்னால் அவருடைய கதையைக் கேட்டுக்கொண்டே போக இடம் பிடிக்கிறார்கள்.

கார்டு கடைசி ஆள். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது, சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் சொல்லிவிட்டுத்தான். அவர் கழுத்தில் விசில். ஒரு ஊதல் என்றால் நில், மூன்று என்றால் எல்லாரும் திரும்பி வா. ரயில்வேயில் 2022 முதல் கார்டுக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு இன்னும் கார்டுதான்.

பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கனமாக இருக்கிறது என்று ஒரு லிட்டரோடு வருகிறவர்கள் பதினொரு மணிக்கு அடுத்தவர் பாட்டிலைப் பார்ப்பார்கள். வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் போதாது, வியர்வையில் உப்பு போகிறது. ஓஆர்எஸ் பொடி இரண்டு பாக்கெட், இல்லையென்றால் எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. சாப்பாட்டுக்குப் புளிசாதம் அல்லது எலுமிச்சைச் சாதம். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், அதைக் காலை எட்டு மணிக்குள் முடிப்பதானால் கொண்டு வாருங்கள். நடுவில் கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லோகோ அண்ணனுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சோளிங்கரில் பக்தியோடு வெறுங்காலில் இறங்கினார். மதியக் கல் சுடுவது எங்களுக்கெல்லாம் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஆற ஒன்றரை மாதம் ஆனது. எனவே சர்க்கரை உள்ளவர்கள் படியில் குறைந்தபட்சம் கெட்டியான சாக்ஸாவது போட்டு ஏறுங்கள், திரும்பியதும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தலை சுற்றி, வியர்த்து, கை நடுங்கினால் உட்கார்ந்து முதலில் இனிப்பு. காரணமெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சரி, ஷூ. விலை முக்கியமில்லை. அடியில் பிடிப்பு தேயாமல் இருக்க வேண்டும், விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும், மலைக்கு முன் இரண்டு வாரமாவது மார்க்கெட்டுக்கும் வேலைக்கும் அதையே போட்டுப் போயிருக்க வேண்டும். முதல் நாள் கால் நகத்தை வெட்டுங்கள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நகம் ஷூவில் இடிக்கும், மறுநாள் கறுத்துப் போகும். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது.

மூச்சு வாங்குவது ஏறும்போதுதான், ஆனால் முட்டி போவது இறங்கும்போது. சின்னச் சின்ன அடியாக, படியில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, இப்படியும் அப்படியும் வளைந்து இறங்குங்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் முட்டியில் விழும் பாரத்தில் கொஞ்சம் கைக்குப் போகும். கட்டட வேலைக்குச் சவுக்குக் கம்பு விற்கும் கடையில் நெஞ்சளவு உயரத்துக்கு மெலிசாக ஒன்றை வெட்டித் தரச் சொன்னேன். மூன்று வருடமாக அதேதான். கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன்.

செஞ்சி, மார்கழியில்

சோளிங்கர் பாடத்துக்கு அப்புறம் செஞ்சி சுத்தமாக நடந்தது. கிளாம்பாக்கம் போய்ப் பஸ் ஏறுவதற்குள் எங்களுக்குப் பாதி ஞாயிறு போய்விடும் என்பதால் வேன். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியர் ராணுவக் கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி சுற்றியுள்ள நிலத்திலிருந்து சுமார் 800 அடி. மதியத்துக்கு மேல் தாமதித்துப் போனால் ஏற விடாமல் திருப்பிவிடுவார்கள். எனவே கீழே இருக்கும் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் திரும்பி வந்து பாருங்கள், முதலில் ஏறிவிடுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை பிளந்து கிடக்கும். குறுக்கே ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. கோட்டை கட்டியவன் எதிரியை நிறுத்த நினைத்த இடத்தில் எங்கள் டீச்சர் நின்றுவிட்டார், உயரம் என்றால் அவருக்குத் தலைசுற்றல். கார்டும் கூடவே நின்றார். மற்றவர்கள் மேலே ரங்கநாதர் கோயில் வரை போய் வந்தோம். நின்றவரை யாரும் கேலி செய்யக் கூடாது என்பது எங்களிடம் உள்ள ஒரே எழுதப்படாத விதி.

இனி வருகிறவை

தையில் கூடியம் குகை. பூண்டி ஏரிக்கு அப்பால் அல்லிக்குழி மலைத்தொடரில் இருக்கிறது. ஏறுவது குறைவு, முட்காட்டில் நடப்பது அதிகம். முதல்முறை வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பாறையைப் பார்த்தால் கடலை மிட்டாய்தான், கூழாங்கல்லை அள்ளிப் பாகில் உறைய வைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில்தான் அதிரம்பாக்கம். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த பழைய கருவிகளுக்கு 15 லட்சம் வயது என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூண்டியில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பூண்டி நம் குடத்துக்குத் தண்ணீர் தரும் ஏரி என்பது தெரியும். அதில் தேக்கும் கொசஸ்தலை ஆறுதான் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் குடும்பத்திலிருந்து வரும் ஒரு தம்பி, ஆற்றின் மேல் பக்கத்தை இதுவரை பார்த்ததே இல்லையாம். அவனுக்காகவே இந்த மாதம்.

கூடியத்துக்கு நாமாகப் புகுந்து போகக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளை வனத்துறை திறந்தது. கூடியம் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். "நமக்கு வழி தெரியும், எதுக்குக் காசு?" என்று கேட்பவர்களை நான் சேர்ப்பதில்லை. அங்கே போகும்போது சென்ட் பூசாதீர்கள், பீடி சிகரெட் கிடையாது. பாறையில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஏலகிரி, சுவாமிமலை. உயரம் 4,338 அடி. மங்கலம் கிராமத்திலிருந்து நடை தொடங்கும். இரண்டு நாள். முதல் வாரமே போவதற்குக் காரணம், காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். ஜோலார்பேட்டையில் இறங்கிப் பஸ். அடிவாரத்து ஊருக்கும் பொன்னேரி என்றுதான் பெயர். போன வருடம் ஒருவர் "பொன்னேரியில் சந்திப்போம்" என்று சொன்னதைக் கேட்டுக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிவிட்டார். ஏலகிரிக்குப் போகும் பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வாந்தி வருகிறவர்கள் பாரதியார், வள்ளுவர் என்று எண்ணிக்கொண்டே வரலாம்.

தம்பிகள் கேட்பது தடா அருவியும் நாகலாபுரமும். கும்மிடிப்பூண்டி தாண்டினால் தடா, நமக்கு ரொம்பப் பக்கம். ஆனால் அங்கே போகிறவர்கள் மலைக்குப் போவதில்லை, குளிக்கப் போகிறார்கள். வழுக்குப் பாறை, ஆழம் தெரியாத மடு. ஒவ்வொரு வருடமும் சென்னையிலிருந்து போன பையன்கள் மூழ்கிய செய்தி வருகிறது. கணக்கு எழுதுவது நானாக இருக்கும்வரை அந்தப் பக்கம் கிடையாது.

ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை. மலை என்று சொன்னால் சிரிப்பார்கள், 300 அடி. ஆனால் 1802இல் அதே தேதியில்தான் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் அங்கே அடிக்கோடு, அதாவது மற்ற அளவெல்லாம் சார்ந்திருக்கும் முதல் கோடு, அளக்கத் தொடங்கினார். எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட அந்தப் பெரிய நில அளவைக்கு முதல் கோடு நம் ஊரில் விழுந்தது. தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி ஆலந்தூரில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய், ஏழு முறை ஏறி இறங்கி, சுண்டல் சாப்பிட்டு வருவோம்.

அதற்கு அப்புறம் ஜூன் நடுப்பகுதி வரை மலை இல்லை, மாடிப்படி மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஐஸுக்கு வேலை குறைவு, எனக்கு லீவு கிடைக்கும் ஒரே காலம் அதுதான். அப்போது பார்த்துக் கத்திரி வெயில். இந்த வருத்தத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கூடியத்துக்கு வருகிறவர்கள் மாடிப்படியை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். பூண்டி திருவள்ளூரிலிருந்து பஸ், எனவே சந்திப்பது வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில், அரக்கோணம் பக்கம் போகும் பிளாட்ஃபாரம், டிக்கெட் கவுண்டருக்குக் கீழே. திரும்பும் மணிச் சீட்டை நான் அங்கே வைத்துத் தருவேன். வரும்போது கம்பு மறக்காமல் கொண்டு வாருங்கள், என்னிடம் இருப்பது ஒன்றுதான்.